பறக்கும் பறவைக்கு எந்தப் பலகை? மர ரேகை ஓவியம் வாங்கும் முன்

என் சித்தி மகன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டி முடித்துவிட்டான். ஹாலில் சோபாவுக்கு மேலே ஆறடி அகலச் சுவர் சும்மா கிடக்கிறது. அங்கே மாட்ட அவனுக்குப் பிடித்துப்போனது ஒரு வகை ஓவியம். பலகையில் இயற்கையாக ஓடும் ரேகையே தண்ணீராகவும் மேடாகவும் வானமாகவும் நிற்கும். அதன்மேல் சில பறவைகள் மட்டும் பறந்துகொண்டிருக்கும். "அண்ணே, நிஜப் பலகையிலேயே செய்யச் சொல்லவா, கேன்வாஸ்ல வரையச் சொல்லவா? பிரிண்ட் எடுத்தா கால்வாசிக் காசுல முடிஞ்சிடுமாமே" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் ஆகும்; உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் எல்லோர் வீட்டுக்கும் பொதுதானே.

பிரிண்டை முதலில் முடித்துவிடலாம். மரத்தின் புகைப்படத்தை எம்.டி.எஃப். பலகையிலோ துணியிலோ பறவைகளோடு சேர்த்தே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பத்தடி தள்ளி நின்றால் குறை தெரியாது. நிஜ மரத்தில் நாம் நடக்க நடக்க ரேகையின் பளபளப்பு இடம் மாறும். வாசல் பக்கமிருந்து வெளிச்சமாகத் தெரிந்த பட்டை, சமையலறைப் பக்கமிருந்து பார்த்தால் இருண்டிருக்கும். அச்சில் அது நடக்காது. தவிர, எம்.டி.எஃப். என்பது மரத்தின் நாரைப் பசையோடு சேர்த்து அழுத்தியது. ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பும்; உப்பினது அடங்காது. வாடகை வீடு, இரண்டு வருஷத்தில் காலி செய்யப்போகிறோம் என்றால் சரி. சொந்த வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேன்வாஸை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆறடிக்கு மூன்றடி கேட்டாலும் கிடைக்கும், எடையும் இல்லை. ரேகை எங்கே சுழிக்க வேண்டும், எங்கே நேராக ஓட வேண்டும் என்பது முழுக்க ஓவியர் கையில். கூழைக்கடாக் கூட்டம் நீரை விட்டுக் கிளம்புகிற இடத்தில் ரேகையைக் கலைத்துவிடலாம். பலகையில் அந்தச் சலுகை கிடையாது, மரம் கொடுத்ததுதான்.

ஆனால் கையால் ரேகை வரைவது லேசுப்பட்ட வேலை இல்லை. கை தன்னாலே ஒழுங்குக்குப் போய்விடும்: சம இடைவெளி, ஒரே வளைவு, ஒரே தடிமன். தேக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் போடும் மரம். மழையைப் பொறுத்து ஒன்று அகலமாக இருக்கும், இன்னொன்று நெருங்கி இருக்கும். அந்த வளையங்களைப் படித்துப் பழைய பருவமழைகளைக் கணிக்கிற ஆராய்ச்சியே நடக்கிறது. இந்தத் தாறுமாறை யோசித்து வரைய முடியாது, பார்த்துத்தான் வரைய முடியும். ஆகவே கேன்வாஸ் என்று முடிவானால் ஓவியரிடம் ஒரு நிஜப் பலகையைக் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். பலகையைக் கேட்காமலே 'எனக்குத் தெரியும் சார்' என்று தொடங்குகிறவரிடம் கொஞ்சம் நிதானமாக இருப்பது நல்லது.

பலகைக்கும் கேன்வாஸுக்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கு நினைவுக்கு வராது. 1925இல் பிரான்சில் போர்னிக் என்ற கடலோர ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். தேய்ந்துபோன தரைப்பலகைகளின் ரேகைகள் கண்ணை இழுக்க, அவற்றின்மேல் தாளை வைத்துக் கரும்பென்சிலால் தேய்த்து எடுத்தார். அப்படித் தேய்த்தெடுத்த தாள்களிலிருந்து கடலும் காடும் விலங்கும் பறவையும் கிளம்பின. பாட்டி வீட்டுப் பழைய கதவு இன்னும் இருக்கிறது, அறுக்க மனசு வரவில்லை என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. கதவில் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ரேகை தாளுக்கு வந்துவிடும். கதவு கதவாகவே இருக்கும். மேலே இந்தியன் இங்கில் நாலு பறவை போதும். ஒன்று மட்டும்: வெயிலிலும் மழையிலும் மரத்தின் மெத்தென்ற பாகம் தேய்ந்து ரேகை மேடாக நிற்கிற கதவு வேண்டும். எனாமல் பூசி வழவழவென்று இருக்கும் கதவில் தேய்த்தால் தாள் வெறும் கறுப்பாகத்தான் வரும். ஃபிரேம் போடும்போது தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கார்த்திகையில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பூத்துவிடும். படிக்கிற அறைக்கும் மாடிப்படி ஓரத்துக்கும் அருமையான படம் இது. ஆறடிச் சுவரில் மாட்டினால் காணாமல் போய்விடும்.

மைசூர் இன்லே பற்றியும் கேட்டான். ஈட்டி மரப் பலகையில் பள்ளம் எடுத்து, வேறு வேறு மரத் துண்டுகளை அவற்றின் இயற்கை நிறத்திலேயே வெட்டிப் பதிக்கிற வேலை. புவிசார் குறியீடு வாங்கிய கைத்தொழில். வானத்துக்கு ஒரு மரம், மலைக்கு ஒரு மரம். ரேகையின் போக்கைப் பார்த்துத் துண்டு வெட்டத் தெரிந்த கை செய்தால் ஆற்றில் நீர் ஓடுவது தெரியும். ஆனால் கடையில் தொங்குகிறவற்றில் யானையும் குடிசையும் தென்னையும் சாயங்காலச் சூரியனும்தான் மாறிமாறி வரும். பறவை என்பது மூலையில் மூன்று கீற்று. பறவையையே நடுவில் வைத்துத் தனியாகச் செய்து வாங்கப் பணமும் பொறுமையும் இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. இருப்பதை எடுத்துக்கொள்வதென்றால் வேண்டாம்.

இனி நிஜப் பலகை. என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பலகையில் படம் எழுதுவது நமக்குப் புதுசு இல்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்கே பலகைப் படம் என்று ஒரு பெயர் உண்டு. பழைய படங்கள் பலாப் பலகையில்தான். ஆனால் அதில் பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் பூச்சு பூசிவிடுவதால் மரம் சுத்தமாக மறைந்துவிடும். நாம் கேட்பது நேர் எதிர். இங்கே மரம் முன்னால் வர வேண்டும், வண்ணம் ஒதுங்கி நிற்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானிய மரக்கட்டை அச்சுக்காரர்கள் சில படங்களில் தாளை அழுத்தித் தேய்த்து, கட்டையின் ரேகையே வானமாகவும் நீராகவும் பதியும்படி செய்தார்கள். அந்த மனப்பாங்குதான் இந்த ஓவியத்துக்கும் வேண்டும். பலகையைத் தேர்ந்தெடுத்தாலே பாதி ஓவியம் முடிந்துவிடுகிறது.

மரவாடிக்குப் போகும்போது இரண்டு வகை அறுப்பைப் பார்க்கலாம். கட்டையின் நடுவை விட்டுத் தள்ளி அறுத்த பலகையில் ரேகை கூம்பு கூம்பாக, ஒன்றுக்குள் ஒன்றாக ஏறும். இதை நிற்கவைத்து மாட்டினால் மலையடுக்கு. படுக்கவைத்தால் அதே கூம்புகள் பக்கவாட்டில் நீண்டு, கெடிலம் கடலில் சேரும் இடத்து மணல்திட்டுபோல ஆகிவிடும். நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி அறுத்த பலகையில் ரேகை நேர்கோடாக ஓடும். படுக்கவைத்தால் காற்றில்லாத ஏரி, நிற்கவைத்தால் மழை. எனக்கு ஹாலுக்குப் படுக்கைவசம்தான் பிடிக்கும், அதிலும் கூம்பு ரேகை. நேர்கோட்டுப் பலகை அழகுதான், ஆனால் அதில் பறவைகள் கம்பியில் உட்கார்ந்ததுபோல் தோன்றிவிடும் அபாயம் உண்டு.

மரவாடியில் எல்லாப் பலகையும் தூசி படிந்து ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய பனியன் துணியும் கொண்டுபோங்கள். ஈரத்துணியால் நீளவாக்கில் ஒரு இழுப்பு. வார்னிஷ் அடித்த பிறகு எப்படி இருக்குமோ அந்த நிறமும் ரேகையும் சட்டென்று மேலே வரும். கணு எங்கே, நடுப்பகுதியின் இருண்ட வைரம் எங்கே முடிந்து பட்டையோரத்து வெளிறு தொடங்குகிறது என்பதெல்லாம் தெரியும். ஈரம் காய்ந்ததும் மறைந்துவிடும், அதற்குள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பலகையை இப்படி எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து தலைகீழாகவும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பார்த்தால் ஒன்றுமில்லாத பலகை, திருப்பினால் ஏரிக்கரையாக நிற்பது உண்டு. வெளிறு இருக்கிறதே என்று ஆசாரி முகம் சுளிப்பார். கதவுக்கு அது குறைதான்; படத்துக்கு, மேல் ஓரத்தில் ஓடும் வெளிறுப் பட்டை விடிகாலை வானம். பூச்சி விழுந்த வெளிறாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையைத் தட்டினால் மாவு உதிர்ந்தால் வேண்டாம்.

எந்த மரம் என்பதில் முதல் போட்டி பழைய தேக்குக்கும் பலாவுக்கும். புதுச்சேரியில் பழைய வீடு ஒன்று இடிபட்டால் உத்தரமும் கதவும் ஜன்னல் சட்டமும் பழைய மரக்கடைக்கு வந்து சேரும். எல்லாவற்றையும் பர்மா தேக்கு என்றுதான் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டு விலையைப் பேச வேண்டியதுதான். எந்த ஊர்த் தேக்காக இருந்தாலும் பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கிய மரம். இனிமேல் பெரிதாக முறுக்காது, கரையானும் சீக்கிரம் வராது. ரேகையும் தெளிவு. ஆணி இருந்த இடத்தைச் சுற்றி இரும்புக்கறை கறுத்திருக்கும். ஆசாரிகள் அதை மக்கு வைத்து அடைக்கப் பார்ப்பார்கள். விட்டுவிட்டால் தொலைவில் போகும் பறவைக் கூட்டமாகத் தெரியும் என்பது என் கட்சி. தேக்கின் தொந்தரவு அதன் எண்ணெய்ப்பசை. அதன்மேல் வண்ணம் நன்றாகப் பிடிக்காது. வரைவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்ட துணியால் துடைத்தாக வேண்டும். இன்னொன்று, பழைய மரத்தில் ஒன்றரை அடி அகலம் ஒரே பலகையாகக் கிடைப்பது அபூர்வம். இரண்டை ஒட்டினால் ரேகை நடுவில் வெட்டுப்படும், அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

பலாவுக்கு நமக்குப் பக்கத்திலேயே பண்ருட்டி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பலாவை வளர்ப்பது பழத்துக்காக என்றாலும் மரத்தின் மதிப்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அதுதானே. அடிமரம் பருத்த மரம் என்பதால் அகலப் பலகை கிடைக்கும். தேக்குபோல வளையம் அவ்வளவு துலக்கமாக இருக்காது; நுண்துளைகளின் கோடுகளும் நிறத்தின் ஏற்ற இறக்கமும்தான் இதன் ரேகை. அதனால் மலையைவிட நீருக்கும் மூடுபனிக்கும் பொருத்தம். அறுத்த புதிதில் நல்ல மஞ்சள். பர்மாவில் பிக்குகளின் காவித் துணிக்குச் சாயம் இறக்கியது இந்த மரத்தின் வைரத்திலிருந்துதான். ஆனால் அந்த மஞ்சள் நிற்காது. வெளிச்சம் பட்டு வருஷம் போகப் போகப் பழுப்பேறும்.

அந்தப் பழுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பறவையைத் தீர்மானிக்க வேண்டும். பலா இருண்டுகொண்டே போகுமென்றால் வெள்ளைப் பறவை வருஷா வருஷம் எடுப்பாகும், கறுப்புப் பறவை உள்ளே மறைந்துகொண்டே போகும். பலாவில் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் எழுதலாம். நீர்க்காகம் எழுதினால் பத்து வருஷத்தில் தேட வேண்டியிருக்கும். பூநாரையின் ரோஜா நிறம் மஞ்சள் மேல் எடுபடாது. அது வேண்டுமென்றால் கறும்பழுப்பு ஓடும் வாகைக்குப் போக வேண்டும். வாகையில் வைரத்துக்கும் வெளிறுக்கும் உள்ள நிற வித்தியாசம் பெரிது, கரையும் தண்ணீரும் தாமாகவே பிரிந்து நிற்கும். நம் கடலோரத்துப் பூவரசும் நல்ல இருண்ட மரம்தான், ஆனால் கோணல் அடிமரம். நீளப் பலகை எதிர்பார்க்காதீர்கள்.

குறைந்த செலவில் வேண்டுமென்றால் பேக்கிங் பெட்டி பைன் மரம். வெளிர் நிறம், துலக்கமான ரேகை, கணுவும் நிறைய. ஒரு கணு சரியான இடத்தில் விழுந்தால் சூரியனை வரையும் வேலை மிச்சம். கணுவிலிருந்து பிசின் கசியும் என்பதால் அங்கே மட்டும் அரக்கு பாலிஷ் இரண்டு கோட் கூடுதலாக வேண்டும். வெளிநாட்டுப் பெட்டி என்றால் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. (HT) என்றிருந்தால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு வாயு அடித்தது, வீட்டுக்குள் வேண்டாம்.

வெனீர் ஒட்டிய பிளைவுட் நடைமுறைக்குச் சுலபமானது. எட்டடி நீளம், வளையாது, வெடிக்காது. கீழே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் இருந்தால் நம் ஈரத்துக்கும் தாங்கும். மேலே உள்ள மரத்தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் போச்சு. என் மனத்தாங்கல் வேறு: அடுத்தடுத்த தோலைப் புத்தகம் விரித்ததுபோல ஒட்டுவதால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றையொன்று ஒத்திருக்கும். அலமாரிக்கு அது அழகு. நிலக்காட்சியில் அந்தச் சமச்சீர் வந்தால் பறவை எந்தப் பக்கம் போனாலும் போன மாதிரி தெரியாது. வெனீர்தான் என்றால் அப்படி விரித்து ஒட்டாத தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பறவையின் வடிவத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு விஷயம். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கித் தோளோடு சேர்த்துக்கொள்ளும். நாரை கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போகும். கூழைக்கடா அவ்வளவு பெரிய அலகை வைத்துக்கொண்டும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பூநாரை கழுத்தும் காலும் நீட்டி ஒரு கோலாகப் போகும், சிறகின் பின்விளிம்பு கறுப்பு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பாதி, கொக்குக்கு நாரைக் கழுத்து வைத்தவை. ஓவியரோடு ஒரு காலை ஊசுடு ஏரிக்கோ மரக்காணம் பக்கம் கழுவெளிக்கோ போய்வந்தால் இந்தத் தகராறே வராது. கழுவெளி 2021இல் சரணாலயமாகி 2024இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. தை, மாசியில் போனால் ஓவியருக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கும். பறக்கும் திசையை ரேகைக்கு இணையாக வைக்காமல் லேசான சாய்வில் வைக்கச் சொல்லுங்கள். இணையாக வைத்தால் மிதப்பதுபோல் இருக்கும், சாய்த்தால் எழும்புவது தெரியும்.

வேலையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான் பெரிது. இழைத்து, பூச்சு எதுவும் பூசாத பலகையில் நீர்த்த அக்ரிலிக்கைத் தொட்டால் வண்ணம் துளைகள் வழியே ரேகையோடு ஓடிவிடும். சிறகின் விளிம்பில் பூனைமீசை முளைத்ததுபோல் ஆகும். அதோடு பலாவும் தேக்கும் தங்கள் சாயத்தை வெள்ளைக்குள் ஏற்றிவிடும், கொக்கு மஞ்சளாகும். முதலில் மெல்லிய அரக்கு பாலிஷ் ஒரு கோட், காய்ந்தபின் நைஸ் உப்புத்தாள், அப்புறம் பறவை. மேலே மேட் பூச்சுதான். பளபளப்பு அடித்தால் எதிர் ஜன்னல் முழுக்கப் பலகையில் தெரியும், பறவை தெரியாது.

மாட்டுவதில்தான் பலரும் பலகையைக் கெடுக்கிறார்கள். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில் மழைக்கு விரியும், கோடைக்குச் சுருங்கும். பின்னால் குறுக்குச்சட்டம் வைத்துப் பசையும் ஆணியுமாக இறுக்கிவிட்டால் சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். மோனாலிசாவே பாப்லர் பலகையில் எழுதியதுதான். அதன் மேல்விளிம்பிலிருந்து இறங்கும் பழைய விரிசல் ஒன்றைப் பின்னால் கட்டை பதித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குறுக்குச்சட்டத்தில் திருகு போகும் துளையை நீள்துளையாக எடுக்கச் சொல்லுங்கள், பலகை அசைய இடம் கிடைக்கும். பூச்சு முன்பக்கம் எத்தனை கோட்டோ பின்பக்கமும் அத்தனை. ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வில்லாக வளையும். சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் காற்றோட்டமும் வேண்டும். ஐந்தடிக்கு ஒன்றேகால் அடி, ஓரங்குலத் தடிமன் பலா ஏறத்தாழ ஒன்பது பத்துக் கிலோ வரும். லேசான பிளாக் சுவரில் சாதாரண ஆணி தாங்காது, அதற்கான ஆங்கர் வைக்க வேண்டும்.

சித்தி மகனுக்குச் சொன்ன முடிவு இது. அவன் சுவர் உள்சுவர், மழை அடிக்காதது. அதனால் ஒரே பலாப் பலகை, படுக்கைவசம், வெள்ளைக் கொக்குகள். அதே சுவர் வாடைமழை நேராக அடிக்கிற வெளிச்சுவராக இருந்து ஓதம் காட்டினால் கேன்வாஸ் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அதைக் கழற்றி வைக்க ஒரு கை போதும். சுவரை முழுக்க நிறைத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தாலும் கேன்வாஸ்தான். பலகையை ஒட்டி ஒட்டி ஆறடிக்கு மூன்றடி ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பங்குனி, சித்திரையில் பலகை எடுப்பது நல்லது. அப்போது கொஞ்சமாவது காய்ந்திருக்கும். எடுத்தவுடன் வரையவிடாமல் அதே ஹாலில் மாதக்கணக்கில் சாத்தி வைத்து, வெடிப்பதானால் முதலில் வெடித்துவிடட்டும். வரைய ஆள் தேடினால் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் என்ற கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்து வெளியே வந்தவர்கள் இந்தப் பக்கம் பலர். கூலி பேசும்போது மட்டும் பறவைக்கு இவ்வளவு என்று பேசிவிடாதீர்கள். ஐந்தில் நிற்க வேண்டிய கூட்டம் பதினைந்தாகிவிடும்.